அண்ணிக்கும் எருமைக்கும் ஒரே காய்ச்சல்

1

நியூசிலாந்தில் ஜூன் மாதம் குளிர்காலம். ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் இதைச் சொல்கிறேன், ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை. சும்மா அளக்காதே என்று என் அண்ணன் இன்றைக்கும் சிரிக்கிறான். அப்படிப்பட்ட ஜூன் மாதத்தில், போன வாரம், எனக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலி. வேலையிலிருந்து அப்படியே கிளம்பி, பள்ளிக்கூடத்தில் மகளையும் ஏற்றிக்கொண்டு, கிளினிக்குக்குப் போனேன்.

இங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நர்ஸம்மா உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். புகை பிடிப்பீர்களா, மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாதா, சமீபத்தில் வெளிநாடு போனீர்களா. நான் இருக்கிற இடமே எனக்கு வெளிநாடுதானே தாயே என்று மனதுக்குள் முனகிக்கொண்டே பதில் சொன்னேன். அடுத்து, பண்ணை விலங்குகளோடு பழக்கம் உண்டா என்று கேட்டார்.

இல்லை, இல்லவே இல்லை என்று என் வாய் சொல்லிவிட்டது.

நர்ஸம்மா என் காலைப் பார்த்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அதில் இன்னும் காயாத சாணம். பக்கத்தில் இருந்த என் மகள் கயலுக்கு ஏழு வயது. வெட்கத்தில் காது சிவந்துபோய் ஆங்கிலத்தில் சொன்னாள்: "அம்மா, காலையில்தானே ஒரு மாட்டுக்குள்ளே தோள் வரைக்கும் கையை விட்டாய்?"

நான் கால்நடை மருத்துவர். வடக்குத் தீவில், மனிதர்களைவிட மாடுகள் அதிகமாக இருக்கிற ஒரு சிற்றூரில் வேலை. நாளெல்லாம் மாட்டோடு கிடந்துவிட்டு மாடென்றால் என்னவென்றே தெரியாது என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? நர்ஸம்மா சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு வந்தது வெறும் ஃப்ளூதான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த 'இல்லை' எங்கிருந்து வந்தது என்று இங்கே யாருக்குச் சொல்லிப் புரியவைக்க? ஊரில் இருக்கிற உங்களுக்குத்தான் சொல்ல முடியும்.

2

என் அண்ணி வசந்தா வியாசர்பாடிப் பெண். அவள் அப்பா எருமை வைத்துப் பால் ஊற்றியவர். நகரத்துக்குள் மாடு வளர்ப்பவர்களுக்கு எமன் என்றால் அது மாடு பிடிக்கிற வண்டிதான். தெருவில் நிற்கிற மாட்டை ஏற்றிக்கொண்டு போய்விடும், திரும்ப மீட்டு வருவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் அந்தத் தெருவுக்கே ஒரு வழக்கம். சட்டைப் பையில் பேனா குத்திய யார் வந்து கேட்டாலும், அவர் கணக்கெடுப்புக்காரரோ சொட்டு மருந்துக்காரரோ, எங்கள் வீட்டில் மாடே இல்லை என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போதே பின்னால் எருமை கத்தும். அது பக்கத்து வீட்டு எருமை என்பார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் அவர்கள் அடுத்த வீட்டைக் காட்டுவார்கள். கேட்க வந்தவர் தெருக்கோடி வரை போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவார்.

கல்யாணமாகி சடையங்குப்பத்துக்கு வந்தபோது அண்ணி தன் சீராக இரண்டு எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். மணலிக்குப் பக்கத்தில் பள்ளமான ஊர் எங்களுடையது. மழை வந்தால் முதலில் நாங்கள்தான் நனைவோம். ஆனால் அங்கே மாடு பிடிக்கிற வண்டி எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வண்டி வரவில்லையே தவிர, அண்ணியோடு அந்தப் பயம் வந்துவிட்டது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லாத எனக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னியதோடு, கேட்டால் மாடு இல்லை என்று சொல்லவும் அவள்தான் பழக்கினாள்.

அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். அண்ணி விடியலில் கறந்து திருவொற்றியூர் டீக்கடைகளுக்கு ஊற்றிவிட்டு வருவாள். இரண்டு எருமை நாலானது. அவளுக்கு மட்டும் வருஷக்கணக்காகக் குழந்தை நிற்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு பேச்சு. அண்ணி எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். ராணி என்று ஒரு எருமை, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னவோ பேசிக்கொண்டிருப்பாள். நான் கால்நடை மருத்துவம் படிக்கப் போனதற்கு வேறு யாரும் காரணமில்லை, அந்த ராணிதான். தொண்ணூறுகளின் கடைசியில், நான் படித்துக்கொண்டிருந்தபோது, அண்ணிக்கு ஒருவழியாக வயிற்றில் தங்கியது. ஐந்தாம் மாதம் தாண்டியபோதுதான் ஊருக்கே சொன்னாள். அவ்வளவு பயம் அவளுக்கு.

3

இங்கே கேள்வி கேட்கிறவர்களைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை என்பது எனக்குப் பிடிபடவே ரொம்ப நாளானது. என் பட்டத்தை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. சான்றிதழுக்குச் சான்றிதழ், அதற்கொரு கையெழுத்து, பிறகு மறுபடியும் பரீட்சை. அதுவரை ஒரு பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவினேன். எந்த மேஜையில் யார் எதைக் கேட்டாலும், இருக்கிறதைச் சொல்வதா இல்லையென்று சொல்வதா என்று ஒரு நிமிஷம் உள்ளே குடுமிப்பிடிச் சண்டை நடக்கும்.

முதல் தடவை ஊருக்குப் போய்த் திரும்பியபோது விமான நிலையத்தில் ஒருவர், சமீபத்தில் மாட்டுக் கொட்டகைக்குள் போனீர்களா என்று கேட்டார். கைக்குழந்தை இடுப்பில், பெட்டி இழுபறியில், என் கணவர் வேறு முழங்கையால் இடிக்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆமாம், என் அண்ணி வீட்டுக் கொட்டகைக்கு என்றேன். வண்டி கிண்டி வந்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? என் செருப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய், பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு பையில் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். சடையங்குப்பத்துச் சேற்றை ஒரு வெள்ளைக்கார அதிகாரி எவ்வளவு மரியாதையாகக் கழுவினார் என்று அண்ணியிடம் சொன்னேன். அவருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டுவிட்டுச் சிரி சிரியென்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கயலுக்குக் கேட்கவைக்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் போடுகிறேன். அத்தையிடம் பேசு என்றால் ஒரு ஹலோ சொல்லி, சாப்பிட்டீங்களா என்று மனப்பாடம் போல ஒப்பித்துவிட்டு ஓடிவிடுகிறாள். அண்ணி பேசுகிற தமிழ் அவளுக்குப் பாதிகூடப் புரிவதில்லை. கீது என்றால் என்னம்மா என்று கேட்கிறாள். இருக்கிறது என்பதுதான் கீது என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது, என்னத்தைச் சொல்ல, வயிறு எரிகிறது. இந்த அத்தை எனக்கு யார் என்பதாவது அவளுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

4

அண்ணி வயிற்றில் பிள்ளையோடு இருந்த அந்த வருஷம், ஐப்பசி மழை எங்கள் ஊரைப் போட்டுப் புரட்டியது. எனக்கு அப்போது வெளி மாவட்டத்தில் பயிற்சி முகாம். முடிந்து வந்து பார்த்தால் வீட்டில் தண்ணீர் வடிந்த கோடு சுவரில் நிற்கிறது, அண்ணியைக் காணோம். அண்ணன் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தான். அண்ணிக்குக் காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள், அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றான். கர்ப்பத்தில் வருகிற காமாலை என்று டாக்டர்கள் சொல்கிறார்களாம். அதற்கென்று தனி மருந்து கிடையாதாம், தானாகத் தணிந்தால்தான் உண்டாம். குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லையாம். சொல்லிவிட்டு அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். கப்பலையே தோளில் தூக்குவேன் என்பவன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எழுந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். வெள்ளத்தில் ராணி கரு கலைந்து கன்று வீசிவிட்டது. முழங்கால் தண்ணீரில் நின்று அண்ணிதான் வெறுங்கையால் எல்லாம் எடுத்துப் போட்டுச் சுத்தம் செய்தாளாம். புள்ளத்தாச்சியான அவள் ஒரு எருமைக்காக அப்படி அழுதாளாம். அது ஆன கொஞ்ச நாளில் காய்ச்சல் தொடங்கியிருக்கிறது.

எனக்குத் திக்கென்றது. எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒரு கிருமியைப் பற்றி. மாட்டுக்கு இந்தக் கிருமி வந்தால் கரு கலையும், பால் வற்றும். அதன் மூத்திரத்திலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி கிடக்கும். தேங்கிய தண்ணீரில் தங்கும், வெடித்த காலிலும் கீறிய கையிலும் மனிதருக்குள் நுழையும். மனிதருக்குக் காய்ச்சல், காமாலை, சிவந்த கண், தொட முடியாத கெண்டைக்கால் வலி. ஊரில் எலிக்காய்ச்சல் என்பார்கள். அந்தப் பெயரால் எல்லோரும் எலியை மட்டும் தேடுவார்கள், எருமையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால் பிழைக்கவைக்கிற சாதாரண பென்சிலின்தான்.

வார்டில் அண்ணி சுருண்டு கிடந்தாள். கண் மஞ்சளுக்கு மேலே செக்கச்செவேல் என்று இருந்தது. கெண்டைக்காலில் கை வைத்ததும் துடித்துப்போனாள். தலைமாட்டில் ஒரு இளம் டாக்டரம்மா கேஸ் சீட்டோடு நின்றிருந்தார். கண்ணாடி போட்ட, பொறுமையான பெண். அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது. வீட்டில் ஆடு மாடு உண்டா என்று இதற்கு முன்னாலேயே பலமுறை கேட்டிருக்கிறார். தண்ணீர் எல்லோர் வீட்டிலும்தான் நின்றது, எலியும் எல்லோர் வீட்டிலும் உண்டு. எல்லோருக்கும் இருப்பதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. அதனால்தான் மாட்டைப் பற்றி விடாமல் கேட்டிருக்கிறார். அண்ணியும் விடாமல் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறாள். நான் போனபோதும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க வூட்ல கோயி கூட கெடயாது டாக்டரம்மா" என்றாள் அண்ணி.

டாக்டரம்மா சீட்டில் எழுதிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குத் திரும்பியதும் அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தாள். நெருப்பாகச் சுட்டது கை.

"எய்திக்கினு கீறாங்க, பாத்தியா? எய்த்துல ஏறிச்சின்னா வண்டி வந்துரும். வாயத் தொறக்காத தேவி, என் மேல ஆணை."

ஆணையாவது ஒன்றாவது. நான் நேராக டாக்டரம்மாவிடம் போய், மாட்டு டாக்டருக்குப் படிக்கிறேன், வீட்டில் நாலு எருமை இருக்கிறது, ஒன்று வெள்ளத்தில் கன்று வீசியது, அந்த நஞ்சுக்கொடியை இவள்தான் வெறுங்கையால் எடுத்தாள் என்று மொத்தத்தையும் கொட்டினேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கட்டிலோரத்தில் உட்கார்ந்து அண்ணியின் காலை மெதுவாகத் தொட்டார்.

"நான் எழுதறது மருந்துக்கும்மா, வண்டிக்கு இல்ல" என்றார்.

அண்ணி காலை இழுத்துக்கொண்டாள். என்னைத்தான் பார்த்தாள்.

"நீ பட்ச்ச பட்ப்புக்கு என் எர்மதான் கெட்ச்சிதா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

5

ரத்தப் பரிசோதனை முடிவு வரும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே பென்சிலின் ஊசி ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா அண்ணியின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து என்னிடம் கொடுத்தார். உங்கள் கால்நடைக் கல்லூரியில் யாராவது இதைப் பார்ப்பார்களா என்று கேட்டார். அவருடைய ஆட்களும் எங்கள் ஆட்களும் ஒருவரை ஒருவர் எட்டிப் பார்க்காத காலம் அது. மனுஷ டாக்டர் மாட்டு டாக்டர் என்று ஊரே பிரித்துத்தான் பேசும். நான் கொட்டகைக்குப் போய் ராணியின் கழுத்திலும் ரத்தம் எடுத்தேன். இரண்டு குழாயையும் டீ வாங்குகிற பிளாஸ்கில் ஐஸ் போட்டு வைத்து, பஸ் ஏறி, எங்கள் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். ஒன்றில் வசந்தா என்றும் இன்னொன்றில் ராணி என்றும் எழுதியிருந்தேன். இதில் எதம்மா மனுஷி என்று அவர் கேட்டார்.

முடிவும் அப்படித்தான் வந்தது. இரண்டு ரத்தமும் ஒரே வகைக் கிருமியோடு சண்டை போட்டிருந்தது. எருமை தன் கன்றை இழந்ததற்கும் அண்ணி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சாவின் வாசல் வரை போனதற்கும் காரணம் ஒன்றுதான். பேராசிரியர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்கு வந்தார். மாட்டு டாக்டரும் மனுஷ டாக்டரும் வராந்தாவில் நின்று ஒரு பெண்ணைப் பற்றியும் ஒரு எருமையைப் பற்றியும் மாற்றி மாற்றிப் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இன்றைக்கு நான் செய்கிற வேலை அந்த வராந்தாவில் கற்றதுதான். இங்கே பண்ணைக்குப் போனால் மாட்டுக்கும் ரத்தம் எடுக்கிறேன், கறக்கிறவர்களுக்கும் நர்ஸை வைத்து ரத்தம் எடுக்கவைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கதை முழுசாகத் தெரிகிறது.

காய்ச்சல் இறங்கியது. மஞ்சள் வடிந்தது. வயிற்றில் குழந்தையின் துடிப்பு இருக்கிறது, ஆனால் பிறந்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. எருமைகளை விற்றுத் தொலைக்கிறேன் என்று அண்ணன் குதித்தான். பேராசிரியர்தான் தடுத்தார். எருமைகளுக்கும் ஊசி உண்டு, கொட்டகையில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டு, கையில் உறையும் காலில் பூட்ஸும் போட்டால் போதும் என்றார். நாலுக்கும் நானே ஊசி போட்டேன்.

அண்ணி மட்டும் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை நகர்த்துவாள், பேச்சு கிடையாது. வண்டி வருகிறதா என்று தினமும் தெருமுனையைப் பார்ப்பாள். ராத்திரியில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அசைகிறதா அண்ணி என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். எனக்கு அழுகையாக வரும். என்னை வளர்த்தவள், அவள் பேசாத வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. சின்னதாக, ஆனால் ஊரைக் கூட்டுகிற குரலோடு. பிரசவ வார்டில் அண்ணி அதை என் மடியில் வைத்தாள். பிறகு என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

6

அதற்கு அடுத்த வருஷம் ராணி கன்று போட்டது. அண்ணி சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டாள். குழந்தையை இடுப்பில் ஏற்றினாள். என்னையும் கிளம்பச் சொன்னாள். எங்கே என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு என்றாள்.

வெளிநோயாளிப் பிரிவில் கூட்டம் நெரிந்தது. டாக்டரம்மா மேஜைக்கு எதிரே, எங்களுக்கு முன்னால், ஒரு பெண் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் பல் அடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அவளிடம், வீட்டில் ஆடு மாடு இருக்கிறதா என்று கேட்டார். இப்போதெல்லாம் எல்லோரிடமும் கேட்கிறார் போலிருக்கிறது. அந்தப் பெண் சட்டென்று இல்லீங்க என்றாள். டாக்டரம்மாவின் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அண்ணி அவள் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் கணு காய்த்துப் போயிருந்தது. விரலை மடக்கிக் காம்பைப் பிடித்து வருஷக்கணக்கில் கறந்தால் வருகிற காய்ப்பு. அண்ணிக்கும் அதே இடத்தில் உண்டு.

என் அண்ணி, கணக்கெடுப்புக்காரரிடமே எருமையை மறைத்தவள், அத்தனை பேர் நடுவில் வரிசையை விட்டு முன்னே போனாள். தூக்கை டாக்டரம்மாவின் மேஜைமேல் வைத்தாள். டாக்டரம்மா அடையாளம் தெரிந்து எழுந்தே விட்டார். குழந்தை அவருடைய கண்ணாடிக்குக் கையை நீட்டியது.

"எனக்கு நாலு எர்ம கீது டாக்டரம்மா. நாலும் என்துதான். இது அதுல ஒண்ணோட சீம்பாலு, வேவ வச்சது, பயப்படாம துன்னுங்க."

சொல்லிவிட்டு அந்தப் பெண் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவள் காதோடு பேசவில்லை, எல்லோருக்கும் கேட்கத்தான் பேசினாள்.

"நானும் இல்லன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். தோ, இவ போயி சொல்லலன்னா இந்தப் புள்ள எனக்கு ஏது? கீதுன்னா கீதுன்னு சொல்லும்மா."

இவ என்று அவள் காட்டியது என்னை. அந்தப் பெண் குழந்தையைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு முக்காட்டை இறக்கிவிட்டு டாக்டரம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு கீதுங்க."